குறட்டைக்கு நடுவே வந்த நரி

பெண்பிள்ளை ஒருத்தி தனியாகத் தோப்பில் போய்ப் படுத்தால் கடலூர் மாவட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: புருஷனோடு சண்டை. நாற்பத்தேழு வயதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பச்சை டென்ட் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு நான் தம்பியின் சவுக்குத் தோப்புக்குப் போனபோது என் வீட்டில் எந்தச் சண்டையும் இல்லை. இதைச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றுவரை நம்பவில்லை.

நான் கடலூரில் கோர்ட் டைப்பிஸ்ட். ஊரார் சண்டையை நாள் முழுக்க அடித்து அடித்து விரல் மரத்துப்போன பிறகு, சாப்பாட்டு வேளையிலாவது மனிதக் குரல் காதில் விழாமல் இருக்கட்டும் என்று போனில் ஒரு வெள்ளைக்காரரைப் பார்க்க ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் ஏதோ ஒரு காட்டில் தன்னந்தனியாக டென்ட் போட்டுத் தங்குவார். பேசவே மாட்டார். மான் வரும், நரி வரும், முகத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஏதோ ஒரு பிராணி வளையிலிருந்து எட்டிப் பார்க்கும். அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். மிருகங்களைவிட எனக்கு அந்த மனிதர் மேல்தான் பொறாமை. இரண்டு நாள் தங்கியும் ஒரு ஜீவன் வந்து அவரைச் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கவில்லை.

அந்த வேகத்தில் டென்ட் வாங்கிவிட்டேன். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டாவது முறை என் வீட்டுக்காரர் உள்ளே புகுந்து படுத்து, "ஃபேன் மட்டும் இருந்தா போதும், நான் இங்கயே இருந்துக்குவேன்" என்றார். அதற்கப்புறம் டென்ட் பீரோ மேல் ஏறிவிட்டது. அதைக் கீழே இறக்க வைத்தது ஒரு நரி.

தம்பியின் தோப்பு பரங்கிப்பேட்டைக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி இருக்கிறது. அவன் குடியிருப்பது சிதம்பரத்தில். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். ஐந்து வருஷத்துச் சவுக்கு, வெட்டுக்குத் தயாராக நின்றது. மாசி கடைசியில் ஒரு நாள் மரத்தைப் பார்க்க வியாபாரியோடு அவன் போனபோது நானும் கூடப் போனேன். அவர்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து அளந்துகொண்டிருந்த நேரத்தில், கிழக்கே தாழம்புதர் மண்டிய மணல்மேட்டில் நான் மூன்று விஷயங்களைப் பார்த்தேன். புதிதாக மண் தள்ளிய ஒரு வளை. நாயின் காலைவிட ஒடுங்கிய காலடிகள். நண்டின் ஓட்டுத் துண்டும் இலந்தைக் கொட்டையும் கலந்த விட்டை. எந்தத் தெருநாய் நண்டு தின்றுவிட்டு இலந்தைப்பழமும் பொறுக்கித் தின்னும்? காலடிகளுக்கு நடுவே கட்டைவிரல் அளவில் சின்னச் சின்னக் காலடிகளும் இருந்தன. குட்டிகள்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் சிரித்தான்.

"நரியா? இந்தப் பக்கம் நரியப் பாத்து எவ்ளோ வருஷம் ஆச்சி. எதுனா சொறிநாயா இருக்கும்க்கா."

வியாபாரி புதன்கிழமை ஆள் விடுவதாகப் பேச்சு. மரம் அறுக்கிற மெஷின், லாரி, இருபது ஆள், அவர்கள் பின்னால் வரும் ஊர்நாய்கள். வளையைவிட்டு இப்போதுதான் வெளியே வர ஆரம்பித்த குட்டிகள் எங்கே ஓடும்? வெட்டை ஒரு மாசம் தள்ளிப் போடு என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். தம்பியிடம் கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அவன் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டான்.

"நீ நரியக் காட்டு, ஒரு மாசம் தள்ளி வெக்கிறேன். போட்டோ கீட்டோலாம் செல்லாது. இப்பல்லாம் போன்லயே நம்ம தோப்புல டைனோசர கூட நிக்க வெக்கிறாங்க. நான் என் கண்ணால பாக்கணும்."

கண்ணால் கண்ட சாட்சி. என் தொழிலையே என்மேல் திருப்பிவிட்டான். சரி, முதலில் நான் பார்க்கிறேன், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துகொண்டு இவனை இழுத்து வந்து காட்டுகிறேன் என்று அவனிடம் சொல்லாமலே கணக்குப் போட்டேன். புதனுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு சனி, ஞாயிறு.

பஸ்ஸை விட்டு இறங்கி மீனவக் குப்பம் வழியாகத்தான் தோப்புக்குப் போக வேண்டும். மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என் முதுகுச் சுமையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"எங்கம்மா போற?"

"தோப்புக்கு."

"ஊட்டுக்காரரு?"

"வீட்ல இருக்காரு."

"ராத்திரி?"

"தோப்புலதான்."

கையிலிருந்த கருவாட்டைக் கீழே போட்டுவிட்டு அருகில் வந்தாள். "எல்லா ஊட்லயும் இருக்குறதுதாம்மா. நாமதான் அனுசரிச்சிப் போவணும்" என்றாள். நரி பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது.

வளையிலிருந்து அறுபது எழுபது அடி தள்ளி, காற்று என் பக்கம் வீசும்படி இடம் பார்த்து டென்ட் போட்டேன். சவுக்குச் சருகு மெத்தைபோல் கிடக்கும். நடந்தால் சத்தம் வராது. அதன்பிறகு மூன்று மணி நேரம் நான் செய்தது ஒன்றுமில்லை. அந்த ஒன்றும் செய்யாமை அவ்வளவு சுகமாக இருந்தது. ஒரு செம்போத்து தரையில் நடந்து வந்து வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்றது. ஒரு கீரி குட்டியோடு வந்து, டென்டைப் பார்த்து நின்று, ஏதோ முடிவுக்கு வந்து சுற்றிக்கொண்டு போனது. தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து எங்கள் கோர்ட் வராந்தாவில் கேட்கும் அதே இரைச்சலோடு கடந்தன. மேலே சவுக்கின் இரைச்சல், அப்பால் கடலின் இரைச்சல். எது எது என்று பிரிக்க முடியவில்லை.

நடுவில் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"உன் தம்பி எனக்கு போன் பண்ணான். 'அக்காவ என்ன சொன்னீங்க மாமா?'ன்னு கேக்குறான். நான் ஒண்ணுமே சொல்லல மச்சான்னேன். 'ஒண்ணுமே சொல்லலன்னா ஏன் போச்சி?'ன்றான். நான் என்ன பதில் சொல்றது?"

கருவாட்டுக்காரியிடமிருந்து யாருக்கோ, அங்கிருந்து சிதம்பரத்துக்கு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

வெயில் தாழ்ந்து மரங்களின் அடியில் மஞ்சள் வெளிச்சம் படிந்தபோது தாழம்புதர் அசைந்தது. முதலில் ஒரு காது. பிறகு இன்னொன்று. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மூக்கு வெளியே வந்தது, காற்றை முகர்ந்தது. அந்த நேரம் பார்த்து ரோட்டுப் பக்கமிருந்து ஒரு ஹார்ன், விட்டு விட்டு, நான்கு முறை. தொடர்ந்து "அக்கா" என்று ஒரு கூவல். காது, மூக்கு எல்லாம் போயிற்று.

தம்பி பைக்கை மரத்தில் சாய்த்துவிட்டு டிபன் கேரியரோடு வந்தான். இட்லி, சாம்பார், அவன் மனைவி வறுத்துக் கொடுத்த மடவை மீன். எனக்கு வந்த கோபத்தில் கேரியரைக் கடலில் எறிந்திருப்பேன். கத்த முடியாது, நரி இருக்கிறது. எனவே அக்கா தம்பி இருவரும் வாழ்க்கையில் முதல்முறையாகக் கிசுகிசுத்துச் சண்டை போட்டோம்.

"கிளம்பு. வீட்டுக்குப் போலாம்."

"இப்பதான்டா வந்துச்சி. நீ ஹார்ன் அடிச்சி வெரட்டிட்ட."

"எது வந்துச்சி?"

"நரி."

"சரிக்கா. மாமாகிட்ட நான் பேசிட்டேன். அவரு ஒண்ணும் மனசுல வெச்சிக்கல."

இவனோடு என்ன பேசுவது? திரும்பிப் போ என்றேன். "உன்னத் தனியா வுட்டுட்டுப் போனா ஊரு என்னைக் காறித் துப்பும்" என்றான். கைலியை எடுத்தே வந்திருந்தான். டென்ட் வாசலில் தார்ப்பாயை விரித்தான், பத்து இட்லி சாப்பிட்டான், மீன் தலையையும் முள்ளையும் நான் தடுக்கத் தடுக்கக் கைக்கெட்டிய தூரத்தில் வீசினான். காட்டில் எதற்கும் தீனி போடக் கூடாது என்பது அந்த வெள்ளைக்காரரின் முதல் விதி. அவருக்குத் தம்பி இல்லை போலிருக்கிறது.

பிறகு தூங்கினான். அவன் குறட்டையை நான் கல்யாணமாகும்வரை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவள். இப்போது இடையில் ஒரு கொசுவலைதான். மோட்டார் ரீவைண்டிங் செய்பவனுக்கு மோட்டார் சத்தம். இந்தச் சத்தத்தில் நரி என்ன, சருகில் எறும்புகூட வராது. அந்த இரவு நான் உண்மையிலேயே அழுதேன். புதன்கிழமை மெஷின் வந்துவிடும். எனக்கென்று கேட்டது ஒரே ஒரு நாள் தனிமை. அதையும் இட்லியோடு வந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

விடியும்போது எனக்கு விழிப்பு வந்தது. மரத்தின் அடி கறுப்பாகவும் இடைவெளி சாம்பலாகவும் தெரியும் நேரம். கொசுவலை வழியாகப் பார்த்தேன். தம்பியின் தலைமாட்டில் நரி நின்றுகொண்டிருந்தது.

பெண் நரி. மடி தொங்கியது. செம்பழுப்பு முதுகில் கறுப்பு மயிர் கலந்து, மெலிந்து, நீளமான காலில் நின்றது. மீன் தலை ஏற்கெனவே அதன் வாயில் இருந்தது. முள்ளுக்காக இன்னும் ஓர் அடி வைத்தது. அதற்கும் தம்பியின் மூக்குக்கும் நடுவே ஒரு முழம்தான். அவன் குறட்டையை அது சட்டையே செய்யவில்லை.

இவன் பார்த்தால்தான் ஒரு மாசம். எழுப்ப வாய் திறந்தால் நரி போய்விடும். எழுப்பாவிட்டால் அவன் பார்க்க மாட்டான். பிறகு நான் சத்தியம் செய்தாலும் டைனோசர் என்பான். அவனாக விழித்தால் அலறுவான். அது குட்டிகளைக் கவ்விக்கொண்டு அந்தப் பக்கமே தலைகாட்டாமல் போய்விடும். வாழ்க்கையில் இப்படி அசையாமல் நான் இருந்ததில்லை.

குறட்டை நின்றது.

தம்பி கண்ணைத் திறந்தான். நரி அவனைப் பார்த்தது. அவன் நரியைப் பார்த்தான். கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறுகிறவன் அவன். ஆனால் அசையவில்லை, கத்தவில்லை, இமைக்கக்கூட இல்லை. நரி முள்ளையும் நிதானமாகப் பொறுக்கிக்கொண்டு திரும்பி, அவசரமே இல்லாமல் மணல்மேட்டுக்கு நடந்தது. வளை வாசலில் அது மெல்ல ஓர் ஒலி எழுப்பியது. மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளியே வந்தன. மீன் தலையைக் கீழே போட்டதும் இரண்டு அதை இழுத்தன. மூன்றாவது அம்மாவின் வாலைக் கடித்தது. அக்காவும் தம்பியும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் ஏறியதும் எல்லாம் உள்ளே போயின.

தம்பி எழுந்து உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, நரி மூஞ்சில முழிச்சிட்டன்க்கா."

அவன் கண் கலங்கியிருந்தது. எங்கள் பக்கம் எவனுக்காவது நல்லது நடந்தால் 'நரி முகத்துல முழிச்சியா?' என்று கேட்போம். சும்மா சொல்வது. எங்கள் பரம்பரையில் நிஜமாகவே முழித்தவன் இவன் ஒருவன்தான். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. நான்தான் ஜெயித்தேன், இங்கே நரி இருக்கிறது என்று கடலைப் பார்த்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. குட்டிகளை நினைத்து டென்டுக்குள்ளேயே கையை மட்டும் தூக்கி ஆட்டிக்கொண்டேன்.

பல்கூட விளக்காமல் அவன் வியாபாரிக்கு போன் போட்டான்.

"அண்ணே, புதன்கெழமை வேணாம். ஒரு மாசம் போவட்டும். இல்லண்ணே, வேற யாருக்கும் குடுக்கல. நரி மூஞ்சில முழிச்சிருக்கன், அதப்போயி வெரட்டுனா நான் வெளங்குவனா?"

வியாபாரியும் இந்த ஊர்க்காரர்தானே. மறுபேச்சுப் பேசவில்லை.

தம்பியைக் கேரியரோடு பைக்கில் ஏற்றி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தத் தோப்பில் நான் தனியாக இருந்தேன். யாரும் வரவில்லை. சாயங்காலம் திரும்பும்போது கருவாட்டுக்காரி வழிமறித்தாள்.

"தம்பி வந்து பேசுனாரா? சமாதானம் ஆச்சா?"

"ஆச்சி," என்றேன். "ஒரு மாசம் டைம் குடுத்துருக்கான்."

"அதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்மா."

அந்த மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம், தம்பி மனைவி எனக்கு போன் செய்தாள். 

"அண்ணி, இவரு உங்ககிட்ட வாங்கியாந்த டென்ட எடுத்துக்கிட்டு தோப்புக்குப் போயிட்டாரு. தனியா. நான் ஒண்ணுமே சொல்லல அண்ணி. குப்பத்துலேர்ந்து போன் மேல போன். இட்லி ஊத்திட்டேன், நான் போயி கூட்டியாந்துடட்டா?"

"போகாத," என்றேன். "நீயும் போகாத, இட்லியும் போகக் கூடாது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவனே கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திப் பேசினான்; தோப்பைவிட்டு வெளியே வந்த பிறகும் அவனுக்குக் கிசுகிசுப்பு போகவில்லை.

"அலையோரமா நாலும் நண்டு புடிச்சிதுக்கா. குட்டிங்க ஓடுது பாரு, நம்மளால புடிக்க முடியாது. அப்பறம் எல்லாம் முகத்துவாரம் பக்கம் போயிடுச்சிங்க. வளைல கைய வுட்டுப் பாத்தேன், காலி. இனிமே வெட்டலாம். தாழம்புதர் பக்கம் மட்டும் ரெண்டு வரிசை வுட்டுட சொல்லிட்டேன்."

"தனியா இருந்தியே, எப்படி இருந்துச்சி?"

"யாரும் வரலக்கா," என்றான். அதை அவன் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான்.

ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்காமல் போனை வைத்தேன்.