இருபத்தேழாம் தேதிக்காரி

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில். 1987இல் அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது அதை இயக்கத் தெரிந்தவள் ஹைருன் பீவி ஒருத்திதான். தற்காலிகமாக வேலை பார்த்த நூற்று இருபது பெண்களின் பெயர்களை ஓர் அட்டவணையிலும், அவர்கள் சேர்ந்த தேதிகளை இன்னொன்றிலும் ஏற்றி, டோக்கன் எண்ணால் இரண்டையும் இணைத்தாள். முதலில் சேர்ந்த நாற்பது பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பட்டியல் கேட்டார்கள். அவள் எடுத்துக் கொடுத்தாள். பெயர்கள் மட்டும் அறிவிப்புப் பலகையில் ஏறின.

விட்டுப்போனவர்களில் தைரியமாகக் கேட்க வந்தவள் உலகம்மை மட்டும்தான். எழுபத்தொன்பது பிப்ரவரி இருபத்தேழில் சேர்ந்தவள். கையில் சேர்ந்த தேதி போட்ட சீட்டு இருந்தது.

"எனக்குப் பொறவு வந்தவள்லாம் நிரந்தரம் ஆயிட்டா. எம் பேரைக் காணலியே, தங்கச்சி."

ஹைருன் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மெஷின் தப்பு பண்ணாதுக்கா."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வாரமே உலகம்மை வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து, எண்பதாம் வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தவர்கள் யார் யார் என்று மேனேஜர் சந்தானகிருஷ்ணன் கேட்டார். ஹைருன் தேடச் சொன்னாள். திரையில் ஒரு பெயரும் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. தேதியைத் தேதி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல், வெறும் எழுத்தாக, நாள், மாதம், வருஷம் என்ற வரிசையில் போட்டு வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் இடமிருந்து எழுத்தெழுத்தாகத்தான் ஒப்பிட்டது. எண்பத்தைந்து நவம்பர் மூன்றில் சேர்ந்தவள், '03' என்று தொடங்கியதால், அதன் கணக்கில் உலகம்மைக்கு முந்தியவள். '27' கடைசிக்குப் போய்விட்டது. வருஷம், மாதம், நாள் என்று மாற்றி அடுக்கிப் பார்த்தாள். உலகம்மை ஒன்பதாவதாக நின்றாள்.

மேனேஜரிடம் சொன்னாள்.

"உத்தரவு போட்டு முடிஞ்சது. வாயைத் திறக்காதே" என்றார் அவர்.

பதினோரு நாள் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், உலகம்மை அங்கே வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள். ஒரு லாட்ஜின் பின்புறம் உலகம்மை சாரலில் நனைந்தபடி போர்வை அலசிக்கொண்டிருந்தாள். ஹைருன் எல்லாவற்றையும் சொல்லி, சரியான பட்டியலையும் தன் தவறை எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் நீட்டினாள். யூனியனில் கொடுக்கச் சொன்னாள்.

உலகம்மை ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"வேலை போனதுகூட பெருசில்ல. நான் பொய் சொல்லுதேன்னு அம்புட்டு பேரும் சிரிச்சாங்க. அப்பவாவது சீட்டைப் பாத்திருக்கலாம்லா?"



யூனியன் விடவில்லை. அடுத்த தை மாதம் முதல் நாற்பதில் வரவேண்டியிருந்தும் விடுபட்ட பதினாறு பேருக்கும் நிரந்தர உத்தரவு வந்தது. உலகம்மை மில்லுக்குத் திரும்பினாள். அவள் பழைய வருஷங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஹைருனை அதற்கு முன்பே வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். பிறகு அவள் ஒரு டைப்ரைட்டிங் பள்ளியில் வேலைக்குப் போனாள். ஷிப்டு முடிந்து மில் பெண்கள் இறங்கும் பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் வீடு. ரொம்ப நாள் வரை அவள் சுற்றுவழியிலேயே போய்க்கொண்டிருந்தாள்.