கழுவிக் கழுவிக் கெடுத்த கார்

போன ஞாயிறு கோட்டக்குப்பத்தில் ஒரு நிக்காஹ். பிரியாணி பிரமாதம் என்று பந்தியே சொன்னது. எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

காரணம், மண்டப வாசலில் பார்த்த காட்சி. வாடகை சுமோவிலிருந்து எண்பது வயது ரஹீம் பாயை இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து இறக்கினார்கள். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. சுமோவோ உயரம். பாதியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது, தொப்பி சரிந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, மனிதர் தரையைப் பார்த்தபடியே இறங்கினார். அவருடைய ஒரே பேத்தியின் கல்யாணம்!

அவர் அப்படி வந்திருக்க வேண்டியதே இல்லை. வந்ததற்கு முழுக் காரணம்... நான்தான்.

ரஹீம் பாய் மரக்காணத்தில் எங்கள் அடுத்த தெரு. உப்பு வியாபாரம் செய்தவர். அவரிடம் ஒரு மார்க் டூ அம்பாசடர் உண்டு. அதில் ஏறுவது அவருக்கு சுலபம். சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். யாரும் அவரைத் தொட வேண்டாம்.

கால் இப்படி ஆனபிறகு வண்டியை ஓட்ட ஆளில்லை. மகன் ஷார்ஜாவில். எங்கள் வீட்டு ஷெட் சும்மா கிடந்தது. "நீங்க வச்சிக்கங்கம்மா. அப்பப்ப ஓட்டுங்க. பேத்தி கல்யாணத்துக்கு மட்டும் நம்ம வண்டியிலதான் போவணும். நீங்கதான் ஓட்டணும்" என்று சாவியைக் கொடுத்தார். எனக்குக் கசக்குமா? அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் நான் தனி ரகம்!

உப்புக் காற்று வண்டியைத் தின்றுவிடும் என்று நாலு பேர் பயமுறுத்தினார்கள். விடுவேனா? ஞாயிறு தவறாமல் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து, குனிந்து, வண்டியின் அடிப்பக்கம் வரை பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினேன். ஒரு வருஷம் முழுக்க. பார்த்தவர்களுக்குச் சிரிப்பு... எனக்கோ பெருமை.

நிக்காஹுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு ட்ரையல் பார்க்கலாமே என்று ஈ.சி.ஆரில் எடுத்தேன். பிரேக்கை மிதித்தேன் — நின்றது. காலை எடுத்தேன்... வண்டி நகர மாட்டேன் என்றது. முன் சக்கரத்திலிருந்து தீய்ந்த நாற்றம். ஆறவிட்டு, உருட்டிக்கொண்டு போய் மெக்கானிக் செல்வத்தின் ஷெட்டில் சேர்த்தோம்.

அடியில் படுத்துப் பார்த்தார் செல்வம். "மேடம், இந்த பிரேக் ஹோஸ் மேலுக்கு நல்லாத்தான் இருக்குது. ரப்பர் வயசாயி உள்ளார ஊதிக்கிச்சி. மிதிச்சா ஆயில் போவுது, திரும்பி வர மாட்டேங்குது."

"மாத்திடுங்க. பாண்டியில கிடைக்கும்ல?"

"ஹோஸு கிடைக்கும். இதைக் கழட்டணுமே? நட்டு துருவுல ஒண்ணாயிடுச்சி. திருப்புனா இரும்பு பைப்பும் சேர்ந்து முறுக்கிக்குது." எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "வண்டியை எந்தத் தண்ணியில கழுவுனீங்க?"

"போர் தண்ணியில."

"நம்ம ஊரு போர் தண்ணியிலயா?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சுனாமிக்கு அப்புறம் எங்கள் தெரு போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிக்க லாரித் தண்ணீர், சமைக்க லாரித் தண்ணீர். பாத்ரூம் குழாய்கூட துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. இத்தனையும் தெரிந்த மகராசி, அதே தண்ணீரை எடுத்து ஊரார் காருக்கு அபிஷேகம் செய்திருக்கிறேன்! காற்றில் வருகிற உப்பு போதாது என்று, நான் வேறு பீய்ச்சி அடித்திருக்கிறேன்.

"டீசல் துணியைச் சுத்தி வைக்கிறேன். ரெண்டு நாள் ஊறட்டும். வெள்ளிக்கிழமை தன்னால இளகிடும்" என்றார் செல்வம்.

பொறுத்தேனா? வியாழன் காலையே போய் நின்றேன். "இப்பவே கழட்டுங்க. ஞாயித்துக்கிழமை கல்யாணம்." வேணாம் மேடம் என்று இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. ஸ்பேனரைப் போட்டு ஓர் அழுத்து... நட்டு அசையவில்லை, பைப் முறிந்தது. தொட்டுப் பார்த்தால் பின் சக்கரம் வரை அதே துரு. மொத்த பிரேக் லைனையும் மாற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுத்து முடித்தபோது திங்கட்கிழமை மதியம்.

சனிக்கிழமையே ரஹீம் பாயிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "பரவால்லம்மா, பழைய வண்டி... ரிப்பேர் வரத்தான் செய்யும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். தண்ணீர் விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியப்போகிறது என்றால், அதற்குப் பெயர் கோழைத்தனம். வேறென்ன?

அலட்சியமாக விட்டிருந்தால் யாராவது என்னைத் திட்டியிருப்பார்கள், நானும் திருந்தியிருப்பேன். அக்கறையாகச் செய்கிறவளை யார் கேள்வி கேட்கிறார்கள்? நானே கேட்டுக்கொள்ளவில்லையே.

திங்கள் சாயங்காலம் அம்பாசடரை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பாய், ஒரு ரவுண்டு போகலாம்."

"எங்கம்மா?"

"எங்க வேணும்னாலும்."

கதவைத் தடவிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "போவ வேண்டிய எடத்துக்குத்தான் போயிட்டு வந்துட்டேனேம்மா" என்றார்.

தனியாகத் திரும்பும் வழியில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் அருமையாகப் பிடிக்கிறது.