ராய்ஸ் பாபினோவின் உரிமம்

என் தம்பி ராய்ஸ் பாபினோ இருபத்தாறு வயதில் ஒருவனுடைய கண்ணைப் போக்கினான். அப்போது டெக்சஸ் மாநிலத்தில் போமான்ட் நகரத்து மதுக்கடை ஒன்றில் வாசல் காவலுக்கு இருந்தான். கலாட்டா செய்த எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி ஒருவனை வெளியே இழுத்துப் போட்டவன், அவன் தரையில் விழுந்த பிறகும் விடவில்லை. பூட்ஸ் காலால் முகத்திலேயே மிதித்தான். சிறைக்குப் போனான்.

திரும்பி வந்து கூரை வேலை செய்தான். முதுகு கெட்டது. பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தைப் பார்த்து நஷ்ட ஈடு கணக்கிடும் மதிப்பீட்டாளர் வேலைக்குப் படித்தான். டெக்சஸில் அதற்கு மாநில உரிமம் வேண்டும். இரண்டாம் தடவை பரீட்சையில் தேறினான். கைரேகை கொடுத்ததும் பழைய வழக்கு வெளியே வந்தது. மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். அக்கா என்ற முறையில் நானும் கூடப் போனேன்.

விசாரித்த அம்மாள் நேராகக் கேட்டார். “விழுந்து கெடந்தவர ஏன் மிதிச்சீங்க?”

வக்கீல் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. ராய்ஸ் அதைச் சொல்லவில்லை.

“நல்லா இருந்துச்சும்மா. அதான் நிறுத்தல.”

மேசைக்கடியில் அவன் காலை உதைத்தேன். உரிமம் போச்சு என்றே நினைத்தேன். ஆனால் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: இனி யாரையாவது அடித்ததாகத் தெரிந்தால் பறிபோகும்.

அந்தக் கோடையிலேயே புயல் அடித்தது. ஏணி பிடிக்க ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டான். ஆரஞ்சு என்ற ஊருக்குத் தெற்கே ஹாலிஸ் டிரஹான் என்பவரின் வீடு. ஜன்னல் வரைக்கும் வெள்ளம் ஏறி இறங்கியிருந்தது. முற்றத்தில் சேறு, செத்துப்போன நாய். ஹாலிஸ் பல நாள் தூங்காதவர் போல நின்றார்.

கூரையைப் பார்த்துவிட்டு ராய்ஸ் ஏணியில் இறங்கிக்கொண்டே சொன்னான். “காத்துல போன கூரைக்குப் பணம் வரும் சார். வெள்ளத்துக்கு வராது. உங்க பாலிசில அது இல்ல.”

“வீடே போச்சு. நீ கூரைய எண்ணிட்டுப் போறியா, நாயே?”

என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஏணியை உதைத்தார். ராய்ஸ் மல்லாக்க விழுந்தான். விலா முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஹாலிஸ் குப்பையிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை உருவி அவன் தொடையில் அடித்தார். இரண்டாம் அடியை ராய்ஸ் கையால் பிடித்தான். கம்பியைப் பிடுங்கி எறிந்தான். அவரைச் சேற்றில் சாய்த்து மேலே ஏறி உட்கார்ந்து குத்தினான். மூக்கு உடைந்தது. பல் தெறித்தது. ஹாலிஸின் கைகள் தொய்ந்து விழுந்த பிறகும் குத்தினான்.

“விடுடா! செத்துருவாருடா!”

அவனுக்குக் காது கேட்கவில்லை. நான் கம்பியை எடுத்து ஓங்கி அவன் தோளில் அடித்தேன். காறை எலும்பு முறிந்தது. கத்திக்கொண்டே சரிந்தான்.

ஷெரிஃபின் போலீஸ் ஆட்கள் வந்தார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், நான் அடித்ததையும் சேர்த்து. ஹாலிஸ் உதடு வீங்கிய வாயோடு, “ஏணிய நான்தான் ஒதச்சேன். அவன் மேல கேசு வேண்டாம்” என்றார். உரிமம் கொடுத்த மாநில அதிகாரிகளும் விசாரித்து, முதலில் தாக்கப்பட்டவன் இவன் என்று உரிமத்தை விட்டுவைத்தார்கள். அது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் ராய்ஸ் முறைத்தான். “கூடப் பொறந்தவளா நீ? எலும்ப ஒடச்சிட்டியே.”

“மண்டையில போட்டிருக்கணும். குறி தப்பிடுச்சு.”

சிரித்தான். விலா வலித்து உடனே அழுதான். நான் அழவில்லை.

இப்போது அமரில்லோ பக்கம் ஆலங்கட்டி மழைச் சேதம் பார்க்கிறான். போன மாதம் போன் செய்தான். ஒரு வீட்டுக்காரன் இவன் முகத்தில் துப்பினானாம்.

“நீ என்னடா பண்ணின?”

“வண்டிக்குள்ள போய்க் கதவப் பூட்டிக்கிட்டேன்கா. அவன் கண்ணாடிய ஒடைக்கிற வரைக்கும் உள்ளயே இருந்தேன்.”

“ஒடச்சப்புறம்?”

“வண்டிய எடுத்துட்டேன். ரெண்டு தெரு தள்ளி நிறுத்தி, திரும்பிப் போயிடக் கூடாதுன்னு சாவியப் பின்சீட்டுல எறிஞ்சேன்.”