கிறிசாந்தாவின் குன்று

டாக்டர் ஒதிலியா எங்கள் ஊர்க் குன்றை அளக்க வந்த அன்று, கிறிசாந்தா தியூல் கையில் வெட்டுக்கத்தியோடு பாதையை மறித்து நின்றாள். நகரத்திலிருந்து வந்தவர்கள் அரண்டு போனார்கள். கத்தியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரான செமாயில் கத்தி இல்லாமல் யாரும் சோளக்கொல்லைக்குப் போவதில்லை. ஆனால் அவள் நின்ற நிலை அப்படி.

அகழாய்வு முகாமில் நான் சமையலுக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. டாக்டரம்மாவுக்கு எங்கள் கெக்சி மொழி தெரியாது. கிறிசாந்தாவுக்கு ஸ்பானியம் அரைகுறை. அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டு இருவருக்கும் நடுவில் நிறுத்தினார்கள்.

"உச்சிக்கு ஏறக் கூடாதுன்னு சொல்லு," என்றாள் கிறிசாந்தா.

"ஏன்னு கேக்குறாங்கக்கா."

"என் பொண்ணு அங்க இருக்கா."

டாக்டரம்மா மேலே நிமிர்ந்து பார்த்தார். யாரோ ஒரு பெண் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்தாரோ என்னவோ. நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் நாங்களெல்லாம் மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து தப்பி ஓடி வந்தவர்கள். வழியில் கிறிசாந்தாவின் புருஷனைச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. எட்டு மாதக் குழந்தை விதாலினாவை முதுகில் கட்டிக்கொண்டு, பதினேழு நாள் காட்டுக்குள் நடந்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அப்போது இங்கே ஊரும் இல்லை, சுடுகாடும் இல்லை. முதல் மழையிலேயே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு நாலாம் நாள் போய்விட்டது. கீழே தரையெல்லாம் முழங்கால் தண்ணீர். நனையாத இடம் அந்தக் குன்றின் உச்சி ஒன்றுதான். அவளே தூக்கிக்கொண்டு ஏறி, அவளே குழி வெட்டி, மேலே மூன்று கல் வைத்துவிட்டு இறங்கினாள். பிறகு குன்றைச் சுற்றிச் சோளம் போட்டாள். பதினாறு வருஷமாக அந்தக் கொல்லைதான் அவளுக்குச் சோறு போட்டது. மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னவர்களிடம், "வேலை இருக்கு" என்று மட்டும் சொல்வாள்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை டாக்டரம்மா சிகரெட்டைப் பற்ற வைக்காமலே விரலில் பிடித்திருந்தார். அவர் முன்கோபி. வேலையாட்கள் நடுங்குவார்கள். ஆனால் அன்று தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"உச்சியைத் தொட மாட்டோம். பக்கவாட்டுல மட்டும் தோண்டுறோம். இந்தக் குன்று குன்றில்லம்மா. உங்க பாட்டன் பூட்டன் கட்டின பிரமிடு."

"யார் கட்டினா என்ன, இப்ப அது மலைத்தெய்வத்தோடது," என்றாள் கிறிசாந்தா. "அதுகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஆகவே மறுவாரம் விடியற்காலையில் குன்றின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றி, குங்கிலியம் புகைத்து, கோகோ பானம் ஊற்றி அனுமதி கேட்டோம். டாக்டரம்மா பூசை முடியும்வரை ஈரத்தரையில் மண்டியிட்டிருந்தார். எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. கிறிசாந்தாதான் கை கொடுத்துத் தூக்கினாள்.

வேலை தொடங்கியது. கிறிசாந்தா தினமும் வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து காவல் இருப்பாள், யாரும் மேலே ஏறிவிடாமல். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் டாக்டரம்மாவுக்குப் பிடிக்காது. "சல்லடை பிடிக்கிறீங்களா? எல்லாருக்கும் உள்ள கூலிதான்" என்று கேட்டார். அவளும் சரி என்றாள். ஒரே மாதத்தில், மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே அது தானாகப் படிந்த மண்ணா, யாரோ கொட்டி நிரப்பின மண்ணா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஏரிக்கரை ஊரிலிருந்து வந்த எவரிஸ்தோதான் வேலையாட்களுக்குத் தலைவன். இருபது வருஷ அனுபவம் உள்ளவன். அவனுக்கு இது கொஞ்சம் உறுத்தியது.

ஏப்ரல் முடியப் போகிறது, படிக்கட்டுத் துண்டுகளைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் கிறிசாந்தா சாப்பிட வராமல் குன்றின் கிழக்குப் பக்கம் ஓர் எறும்புப் புற்றின் முன்னால் குந்தியிருந்தாள். நான் ரொட்டியோடு போனேன். இலைவெட்டி எறும்புகள் உள்ளேயிருந்து மண்துகளை வெளியே கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தன. கறுப்பு மண்ணுக்கு நடுவில் வெள்ளைத் துணுக்குகள். சிலவற்றில் சிவப்புச் சாயம்.

"போய் அந்தம்மாவக் கூப்பிடு," என்றாள். "சுண்ணாம்பு பூசின சுவர் உள்ள இருக்கு. எறும்பு எங்கேர்ந்து எடுத்துட்டு வருது பின்ன?"

எவரிஸ்தோ எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, இனி எறும்புக்கும் கூலி கேப்பீங்க போல."

"உனக்குக் குடுக்கறதுல பாதி குடு, போதும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு துணுக்கை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் குழி போடச் சொன்னார். ஒன்பதாம் நாள் சுதையில் செய்த ஒரு மூக்கு வந்தது. பிறகு கண். இரண்டு வாரத்தில் ஆள் உயரத்தைவிடப் பெரிய ஒரு முகம், சிவப்புக் கன்னத்தோடு, எங்களைப் பார்த்தபடி நின்றது. எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றிவிட்டு, "அக்கா, நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க" என்றான். கிறிசாந்தா அந்தக் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தூரிகையால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததோ இல்லையோ.

மே மாதம் மழை முந்திக்கொண்டு வந்தது. உச்சியில் இருந்த பெரிய ரமோன் மரம் சாயத் தொடங்கியது. அதன் வேர்கள் குழந்தையைப் புதைத்த இடத்துக்கு அடியில்தான் ஓடின. மரம் விழுந்தால் அத்தனை மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். மூன்று கல்லில் ஒன்று ஏற்கெனவே உருண்டுவிட்டது.

டாக்டரம்மா தானே அவள் வீட்டுக்கு வந்தார். நானும் கூட இருந்தேன். இதற்குள் கிறிசாந்தாவின் ஸ்பானியம் தேறிவிட்டது. நான் பேச வேண்டியிருக்கவில்லை.

"நாங்க தோண்டினதால இல்ல, மரம் தானா சாயுது. ஆனாலும் நான் பொறுப்பில்லேன்னு சொல்ல மாட்டேன். கம்பிவடம் போட்டு மரத்த இழுத்துக் கட்டிப் பாக்கலாம்."

"எத்தன நாளைக்கு நிக்கும்?"

"தெரியாது."

கிறிசாந்தா பானையிலிருந்து கஞ்சி ஊற்றி மூவருக்கும் கொடுத்தாள். தன் பங்கைக் குடித்து முடித்தாள். "நானே எடுக்கறேன்," என்றாள். "வேற யாரும் கை வைக்கக் கூடாது."

மறுநாள் மழை விட்டிருந்தது. அவளும் டாக்டரம்மாவும் நானும் எவரிஸ்தோவும் ஏறினோம். பதினாறு வருஷத்துக்கு முன்னால் மண்ணை எப்படி அள்ளிப் போட்டாளோ தெரியாது. இப்போது முகாமில் கற்றுக்கொண்டபடி, கரணையால் விரற்கடை விரற்கடையாகச் சீவினாள். எலும்பு தெரிந்ததும் கரணையை வைத்துவிட்டு மூங்கில் குச்சியை எடுத்தாள். பிறகு தூரிகை. எல்லாம் அவ்வளவு சின்னதாக இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவள் அழவில்லை. மூச்சு மட்டும் சத்தமாகக் கேட்டது. துணியைச் சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கு துருப்பிடித்துக் கிடைத்தது.

"இத நான் மறந்தே போயிருந்தேன்," என்றாள், தனக்குத்தானே.

எது கிடைத்தாலும் எண் போட்ட சீட்டு எழுதுவது டாக்டரம்மாவின் பழக்கம். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விட்டது. கிறிசாந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"இவளுக்கு நம்பர் வேணாம்மா. பேர் இருக்கு."

டாக்டரம்மா சீட்டுக்கட்டைப் பையிலேயே விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். எவரிஸ்தோ அன்று காலையே தேவதாரு மரத்தில் ஒரு சின்னப் பெட்டி செய்து கொண்டுவந்திருந்தான். யாரும் சொல்லாமல்.

ஊர்ச் சுடுகாட்டில் விதாலினாவை மறுபடி புதைத்தோம். நான் வான்கோழிக் குழம்பு வைத்தேன். ஊரே வந்து சாப்பிட்டது. முதல் தடவை புதைத்தபோது துணைக்கு ஒரு ஆள் இல்லை என்று கிறிசாந்தா எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான் பேசினாள்.

ஜூலையில் மரம் விழுந்தது. அது பெயர்த்த இடத்தில், கல் பாவிய ஒரு சின்ன அறையும், திண்டு போன்ற ஒரு இருக்கையும், கருகிய குங்கிலியமும் கிடைத்தன. தங்கமும் இல்லை, ராஜாவும் இல்லை. பத்திரிகைகள் அந்தச் சுதை முகத்தைப் படம் போட்டன. அதை முதலில் கண்டுபிடித்தது யாரென்று எழுதவில்லை. டாக்டரம்மா தன் அறிக்கையில் எழுதினார், எறும்பு உட்பட.

நல்லதோடு கெட்டதும் வந்தது. அரசாங்கத்தார் குன்றைச் சுற்றி வேலி போட்டு, இனி இங்கே சோளம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாற்று நிலத்துக்காகக் கிறிசாந்தா மூன்று வருஷம் மனு மேல் மனு கொடுத்தாள். டாக்டரம்மா கூடவே அலைந்து, அலுவலகங்களில் கத்தினார். கடைசியில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு கிடைத்தது. எங்கு பார்த்தாலும் கல். வறண்ட மாதங்களில் முகாம் வேலை, மழையில் அந்த நிலம் என்று அவள் பிழைப்பு நடக்கிறது. பானை ஓடு கழுவும் பெண்கள் ஏழு பேருக்கு இப்போது அவள்தான் தலைவி. டாக்டரம்மா ஓர் ஓட்டின் காலத்தைத் தப்பாகச் சொன்னால் எல்லார் முன்னாலும் திருத்துகிறாள்.

போன மாதம் அந்த நிலத்தில் அவரைக் கொட்டை விதைக்க நானும் கூடப் போயிருந்தேன். வரப்போரம் பொறுக்கிக் குவித்த கற்களில் நாலைந்து, குன்றின் படிக்கட்டுக் கற்களைப் போலவே சதுரமாகச் செதுக்கினவை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டியாக்கா?"

"அவரைக் கொடி காய்க்கட்டும்," என்றாள், குனிந்த தலை நிமிராமல். "பறிச்சு முடிச்சதும் சொல்றேன்."