இலை துடைக்கும் எபினேசர்

வேலை முடிந்து வந்ததும் எபினேசர் முகம் கழுவுவதில்லை. பின்பக்கத்து எலுமிச்சை மரத்துக்குத்தான் முதல் மரியாதை. எந்திரம் துடைக்கிற பனியன் துணியை நனைத்து கைக்கு எட்டிய வரை இலை இலையாகத் துடைக்கிறார். மேல்பக்கம் ஒரு தடவை, அடிப்பக்கம் ஒரு தடவை. கும்மிடிப்பூண்டிப் புகையின் கறுப்பு மொத்தமும் துணிக்கு வந்துவிடுகிறது. “நம்மளாவது பைப்பாண்ட போய் மூஞ்சி கழுவிக்கினு வந்துர்றோம். அது எங்க சார் போவும்?” என்று மாடியில் குடியிருக்கும் என்னைக் கேட்பார். அந்த நேரத்தில் நானும் முகம் கழுவியிருக்க மாட்டேன்.

கம்பெனியில் ஹைட்ரா கிரேன் ஓட்டுகிறார். எட்டு வருஷத்துக்கு முன் புது வண்டிக்குப் பூஜை போட்டு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஏறி நசுக்கியவர் இவர். கீழே இறங்கி, நசுங்கியதிலிருந்து இரண்டு விதையைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சர்ச்சில் ஒருவர் முகம் சுளித்ததற்கு, “பழத்துக்குத்தான பூஜ போட்டாங்க. வெத இன்னா பாவம் பண்ணுச்சு?” என்றாராம்.

ஒரு விதை முளைத்தது. இன்று மரம் மாடி உயரம். இதுவரை ஒரு பூ கிடையாது. கேன்டீனில் வடிகட்டிப் போட்ட டீத்தூளை டிபன் பாக்ஸில் அள்ளிவந்து வேரில் கொட்டுகிறார். கேட்டில் செக்யூரிட்டி தினமும் பாக்ஸைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதாகக் கேள்வி. எபினேசரின் மனைவி சுகிர்தாவின் மூன்று நைட்டியையும் ஒரு பட்டுப்புடவையையும் மரம் கிழித்திருக்கிறது. “முள்ளு மட்டும் நல்லா காய்க்குது” என்பாள்.

போன வாரம் வாஷிங் மெஷின் வந்திறங்கியது. குழாய் இருப்பது பின்பக்கம். குழாய்க்கு இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் தகரக் கூரையின் கீழ் எபினேசரின் பதினாறு வருஷப் பைக். ஒரு சொட்டு மழை அதன்மேல் பட விடமாட்டார். ஆகவே மரத்தை வெட்டி மெஷினுக்கு மேடை கட்டக் கொத்தனார் திருமலையைத் திங்கட்கிழமைக்குச் சொல்லிவிட்டாள் சுகிர்தா. பேச்சை எடுத்தாலே, “பேஜாரு பண்ணாத” என்று எபினேசர் எழுந்து போய்விடுவார்.

கூட வேலை பார்க்கும் ஆர்.கே.பேட்டை மணவாளன் ஒரு வழி சொன்னார். காய்க்காத மரத்தை மிரட்ட வேண்டுமாம். ஒருவர் கத்தியை ஓங்க, இன்னொருவர் தடுத்து, ‘விட்டுவிடு, அடுத்த வருஷம் காய்த்துவிடும்’ என்று கெஞ்ச வேண்டும். பயத்தில் மரம் காய்த்துவிடும். மரம் பயப்படுகிறதோ இல்லையோ, ‘வெட்டாதே’ என்று சுகிர்தாவின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் கொத்தனாருக்கு வேலையில்லை என்பது எபினேசரின் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு கத்தியை எடுத்தார். “எட்டு வருசமா துன்னுக்கினு சும்மா நிக்கிற. இன்னிக்கு உன்ன வுடமாட்டேன்.” நன்றாகவே நடித்தார்.

துணி துவைத்துக்கொண்டிருந்த சுகிர்தா நிமிர்ந்து, “சரி, வெட்டு” என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. “இன்னா சுகிர்தா, சொல்லிக் குடுத்தத சொல்லு. மரம் கேட்டுக்கினு இருக்குது” என்று கிசுகிசுத்தார்.

“கேக்கட்டும். அதுக்குத் தெனமும் மூஞ்சி தொடச்சி வுடுற. துணி தொவச்சே ஒடஞ்ச என் இடுப்ப எவன் பாத்தான்?”

மரம் பயந்ததா தெரியாது; எபினேசர் ஓங்கிய கத்தியை மெல்ல இறக்கியது மாடியிலிருந்து தெரிந்தது. எனக்கு இரண்டு பேர் மேலும் பரிதாபமாக இருந்தது.

அவர் கத்தியைச் சுவரோரம் வைத்தார். தகரக் கூரைக்கு அடியில் போய், ஸ்டாண்டைத் தள்ளி, பைக்கை உருட்டிக்கொண்டு போய்த் தெருவில் வெயிலில் நிறுத்தினார். திரும்பி வந்து, பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, பைக் நின்ற இடத்தில் இருந்த எண்ணெய்க் கறையைத் துடைக்க உட்கார்ந்தார்.