சப்மிட் பட்டனுக்கு இந்தப் பக்கம்

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடிப்பதுதான் என் தொழில்; போர்டில் மட்டும் ‘கல்வி ஆலோசகர்’ என்று போட்டிருக்கிறது. முன்பு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில், ஒரு மாடி அறையில், எனக்கு ஒரு மேஜை. வாசலில் எங்கள் வரவேற்பாளர் செல்விக்கு ஒரு மேஜை. பூ மார்க்கெட் பக்கமிருந்து காற்றடித்தால் மல்லிகை வாசம் வரும். அடிக்காவிட்டால் ஜெராக்ஸ் மெஷின் வாசம்.

நீங்களும் எம்.எஸ்சி.க்கோ பிஎச்.டி.க்கோ ஆன்லைனில் விண்ணப்பித்தவர் என்றால், அல்லது பிள்ளைக்காகப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர் என்றால், நாம் ஒரே கட்சி. பாஸ்வேர்டு மறந்து, போட்டோ பெரிதாக இருக்கிறது என்று திருப்பியடிக்கப்பட்டு, கடைசிப் பக்கத்தில் கரண்ட் போய்... உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்? அப்படி என் மேஜைக்கு வந்த சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

மிஸ் பெரியகருப்பன்

எழுமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள் தீபா. உணவுத் தொழில்நுட்பம் முடித்தவள். அயர்லாந்தில் முதுகலை படிக்க ஆசை. கூடவே அப்பா பெரியகருப்பன் வருவார். பருத்தி விவசாயம். ஒவ்வொரு முறையும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “பொம்பளப்பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பணுமா டீச்சர்? இங்கன திருச்சி, கோயம்புத்தூர்னு பாத்தா ஆகாதா?” என்பார். வேண்டாம் என்று அடித்துச் சொல்ல மாட்டார். சரி என்றும் சொல்ல மாட்டார். தீபா தலையைக் குனிந்துகொள்வாள்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் இருந்ததால் அதையே போட்டோம். “எம் பேரு எதுக்கு? நானா படிக்கப் போறேன்?” என்று அவர் கூச்சப்பட்டார்.

இடம் கிடைத்துவிட்டதாக மெயில் வந்த அன்று இருவரையும் வரச் சொன்னேன். தீபா வாசித்தாள்: “டியர் மிஸ் பெரியகருப்பன்...” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு திரைக்குப் பக்கத்தில் வந்து, தன் பெயர் எது என்று கேட்டு, மகள் காட்டிய இடத்தில் விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு மகளைப் பார்த்துச் சொன்னார்: “எம் பேரச் சொல்லிக் கூப்புட்டுருக்காய்ங்க. போகலைன்னா மரியாதையா இருக்காது. வாரோம்னு எழுதிப் போடுத்தா.”

சிறு வயது முதலே

ஏன் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். அதைப் போல நம் பிள்ளைகளைப் படுத்துகிற விஷயம் வேறு எதுவுமில்லை. ‘நான்’ என்று ஒரு வரி எழுதி நமக்குப் பழக்கம் கிடையாது. கன்றுக்குட்டியைப் பற்றி, சுதந்திர தினத்தைப் பற்றி எழுதுவோம். எனவே எல்லாரும் இணையத்திலிருந்து ஒன்றை எடுத்து வருவார்கள். எல்லாமே ‘சிறு வயது முதலே எனக்கு ஆர்வம் அதிகம்’ என்றுதான் தொடங்கும்.

மேலூர் பக்கத்து வினோத்தும் அப்படித்தான் வந்தான். புவியியல் பட்டதாரி. நிலத்தடி நீர் பற்றி மேலே படிக்க வேண்டுமாம். “சிறு வயதில் என்னதான் செய்தாய், அதைச் சொல்லு” என்றேன். நெளிந்தான். “ஒண்ணுமில்லக்கா. கிரானைட் வெட்டி எடுத்துட்டு விட்ட குழியில குளிப்போம்” என்றான். அவன் அப்பா சோலைமலை கல் உடைக்கும் வேலை பார்த்தவர். குளித்துவிட்டு வருகிறான் என்று தெரிந்தால் தோலை உரித்துவிடுவாராம். உள்ளே வழுக்கும், ஆழம் தெரியாது, ஒரு தடவை கூட்டாளி ஒருவன் முங்கி, எல்லோரும் சேர்ந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். “அப்புறமும் போனியா?” என்றேன். “போனேன்க்கா. குளிக்க இல்ல. எங்க கிணறு வத்திக் கெடக்கு, பக்கத்துலயே அந்தக் குழியில மட்டும் தண்ணி நெறஞ்சு நிக்குது. அது எப்படின்னு பாக்கணும்போல இருந்துச்சு.”

“இதை எழுது” என்றேன். “இதையெல்லாமா எழுதுவாங்க?” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மூன்று வாரம் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அவனே எழுதினான். நான் இலக்கணத்தை மட்டும் திருத்தினேன். நெதர்லாந்திலிருந்து இடம் வந்தது. தேர்வுக் குழுவில் ஒருவர் அந்தக் குழியைப் பற்றியே நேர்காணல் முழுக்கக் கேட்டாராம். சோலைமலை லட்டு டப்பாவோடு மாடி ஏறி வந்தார். மகனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். “அந்தக் குழிக்குப் போகாதடான்னு நாய அடிக்கிற மாதிரி அடிச்சேன் டீச்சர். அதுக்கா சீட்டு குடுத்திருக்காய்ங்க?”

வெள்ளிக்கிழமை பத்தரை

ராகு காலத்தில் சப்மிட் பட்டனை அழுத்த எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் சம்மதிப்பதில்லை. இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமே கிடையாது. “நம்பிக்கையெல்லாம் இல்ல, எதுக்கு வம்பு?” என்பார்கள். செல்வி சுவரில் காலண்டரை மாட்டியே வைத்திருக்கிறாள்.

கோயிலில் பூஜை செய்கிற பட்டர் ஒருவரின் மகள் அபிராமி. கணக்கில் கெட்டிக்காரி. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அவள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியல் ஏறாமல் இழுத்தடித்து, எல்லாம் சரியாகி முடிந்தபோது வெள்ளிக்கிழமை பத்தரை தாண்டிவிட்டது. ராகு காலம் தொடங்கிவிட்டது; முடியப் பன்னிரண்டாகும். பதினொன்றரைக்கோ அவர்கள் ஊர்க் கெடுவே முடிந்துவிடும். அபிராமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயந்தது ராகுவுக்கு இல்லை, அப்பாவுக்கு. பக்கத்து நாற்காலியில் அவர் கண்ணை மூடி விரலில் என்னவோ எண்ணிக்கொண்டிருந்தார். இவரிடம் எப்படிப் பேசுவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, “அங்கே இப்போ என்ன மணி?” என்று கேட்டார். ராத்திரி, இன்னும் பன்னிரண்டு அடிக்கவில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மகள் தலையில் கை வைத்தார்.

“அப்போ அங்கே இன்னும் வியாழக்கிழமைதானே? குருவாரம். படிப்புக்கு அதைவிட நல்ல நாள் ஏதும்மா? அழுத்து.”

சேவியர் சாரின் வரிசை

பரிந்துரைக் கடிதம் என்று ஒன்று உண்டு. பேராசிரியர்கள் தனியாக ஒரு பக்கத்தில் நுழைந்து எழுத வேண்டும். ‘நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்’ என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். என்னிடம் வந்த நஸ்ரின் என்ற பெண்ணுக்கு வாய்த்த இயற்பியல் பேராசிரியர் சேவியர் சார் அப்படி இல்லை. கெடு நெருங்கியும் கடிதம் போகவில்லை. நஸ்ரின் கேட்கப் பயந்தாள். நான் போன் செய்ததும், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

கடிதமெல்லாம் எப்போதோ எழுதிவிட்டார். சிக்கியது ஒரு கேள்வியில். ‘நீங்கள் கற்பித்த மாணவர்களில் இவர் எந்த இடம்? முதல் ஒரு சதவீதமா, ஐந்தா, பத்தா, பாதிக்கு மேலா?’ அவர் நிஜமாகவே கலங்கிப்போயிருந்தார். “எல்லாரையும் வரிசையில நிக்க வைக்கச் சொல்றாங்கம்மா. விடியக்காலம் மார்க்கெட்ல மூட்டை எறக்கிட்டு லேபுக்கு வந்தவன் இருக்கான். கைக்குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு வந்து பரீட்சை எழுதுன பிள்ளை இருக்கு. அவங்களை எங்க நிக்க வைக்கிறது?” நஸ்ரின் நன்றாகப் படித்தாளா என்று கேட்டேன். “அதுல என்ன சந்தேகம்? அவ மாதிரி கேள்வி கேட்ட ஆளே இல்ல” என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, ஐந்து சதவீதத்தில் டிக் செய்தார். கீழே இருந்த காலிக் கட்டத்தில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு வரி சேர்த்தார். எட்டிப் பார்த்தேன். ‘மற்ற மாணவர்களும் நல்லவர்கள்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. இதை யார் சார் கேட்டார்கள் என்றேன்.

“யாரும் கேக்கலம்மா. அந்தப் பிள்ளைங்க யாரும் இதைப் பாக்கப் போறதும் இல்ல. இருந்தாலும் நான் சொல்லணும்ல?”

பருத்திப்பால்

எல்லாக் கதையும் லட்டு டப்பாவில் முடிவதில்லை. சரவணனுக்கு விண்வெளி இயற்பியல் என்றால் உயிர். திருமங்கலத்துப் பையன், மெக்கானிக் மகன். இப்போது மதுரையிலேயே எம்.எஸ்சி. சேர்ந்து, அடுத்த முறைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். பி.எஸ்சி. முடித்த வருடம் அவன் விண்ணப்பித்த அத்தனை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலும் ‘வருந்துகிறோம்’ என்றார்கள். கடைசி மெயில் வந்த அன்று, சாயங்காலம் வருகிறேன் என்று போனில் சொன்னான். அவனிடம் என்ன சொல்வது என்று மத்தியானம் முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவன் கட்டுரையை இன்னும் ஒரு தடவை பார்த்திருக்கலாமோ, வேறு பல்கலைக்கழகம் சொல்லியிருக்கலாமோ என்று எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வந்தவன் கையில் ஒரு தூக்குவாளி. உள்ளே சூடாகப் பருத்திப்பால். செல்வியிடம் டம்ளர் வாங்கி, ஊற்றி, என் முன்னால் வைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடங்கிவிட்டான். “காலையில போன்ல உங்க குரலே சரியில்லக்கா. அதான் வாங்கியாந்தேன். விடுங்க. அவிய்ங்களுக்குக் குடுத்து வைக்கல, அம்புட்டுத்தேன். நீங்க குடிங்க, ஆறிரும்.”

இடைவெளிக்குக் காரணம்

செல்வியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அவள் என்னோடு பேச மாட்டாள். பி.எஸ்சி. தாவரவியல் முடித்த வருடமே கல்யாணம். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார், அவரைப் பார்த்துக்கொண்டாள். பெண் பிறந்தாள், வளர்த்தாள். வீட்டுக்காரர் முருகேசனின் செல்போன் கடையில் உட்கார்ந்தாள். பிறகு இங்கே வந்தாள். எத்தனையோ பேரின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றியவள். மாடிப்படியில் தொட்டிச் செடி வைத்து, ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள். ஆசைக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு மதியம் ஆளில்லாத நேரத்தில் என் எதிரில், மாணவர்கள் உட்காரும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, எம்.எஸ்சி.க்கு அப்ளை பண்றவங்க, நடுவுல படிக்காத வருசத்துக்கெல்லாம் காரணம் எழுதணும்ல, அதுல என்ன போடலாம்?” யாருக்கு என்று கேட்டேன். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, “எனக்குத்தேன்” என்றாள். நம் ஊர்க் கல்லூரி ஒன்றில்தான். பகல் வகுப்பு. முருகேசனிடம் இன்னும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் சொல்ல வேண்டிய அவமானமே இருக்காதே என்று நினைத்திருக்கிறாள். “முதலில் சொல்லு” என்றேன். மறுநாள் அழுத முகத்தோடு வந்தாள். பதறிப்போய்க் கேட்டால், “‘இத்தன வருசமா ஏன் கேக்கல?’ன்னு திட்டுறாருக்கா” என்றாள். எங்கள் முதலாளி, வகுப்பு முடிந்து மாலையில் வந்தால் போதும் என்றார்.

காரணத்தை எழுதத்தான் இரண்டு பேரும் திண்டாடினோம். ‘குடும்பச் சூழல்’ என்று எழுதினோம், அழித்தோம். ‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ என்றோம், அவளுக்கே பிடிக்கவில்லை. “எம் மகளா தவிர்க்க முடியாத காரணம்?” என்று கோபித்துக்கொண்டாள். கடைசியில், நேரில் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன் என்று காலியாக விட்டாள்.

நேரில் கேட்டார்கள். நேர்காணல் முடிந்து, வெயிலில் முகம் சிவக்க மாடியேறி வந்தவள், தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுத்தான் கதையைச் சொன்னாள். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கேம்மா, என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” என்று கேட்டிருக்கிறார். செல்வி யோசிக்கவே இல்லையாம், பட்டென்று பதில் சொல்லிவிட்டாளாம். அவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த பேராசிரியையைப் பார்த்தாராம். அந்த அம்மா தலையை ஆட்டினாராம். அடுத்த வாரம் பட்டியலில் செல்வி பெயர் வந்துவிட்டது. நேர்காணலில் அவள் சொன்ன பதில் இதுதான்: “இடைவெளியே கெடைக்கல சார். அதான் வர இம்புட்டு நாளாயிருச்சு.”

ஒரு பரீட்சையும் எழுதாமல், ஓர் ஊருக்கும் போகாமல், ஒவ்வொரு வருடமும் முடிவுகள் வந்து தீரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிறவி, இந்த மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.