தழைக் கிடங்கின் வாசலில் ஆட்டுக்காரர்கள்

“தழையைக் காவல் காக்க டிகிரி எதுக்கும்மா?”

நான் வேலையில் சேர்ந்த அன்று சுகாதார ஆய்வாளர் இப்படித்தான் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாவரவியலில் பட்டம் வாங்கியவள். பதில் இருந்தது, முதல் நாளே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து நகராட்சி ஒன்றின் தழைக் கிடங்குக்கு நான் மேற்பார்வையாளர். ஊர்மக்கள் வீட்டுத் தோட்டக் கழிவை இங்கே இலவசமாகப் போடலாம். ஷ்ரெட்டர் மெஷினில் அரைத்து உரமாக்குவோம். ‘தோட்டக் கழிவு மட்டும்’ என்று வாசலில் போர்டு உண்டு. படித்தவர்கள்கூடக் கடைசிச் சொல் வரை போகவில்லை. குன்னம் பக்கத்திலிருந்து டிராக்டரில் வயலில் பிடுங்கிய பருத்திமார், காய்ந்த பருத்திச் செடி, வந்தது. கல்யாண மண்டபத்து வாழைமரத்தோடு தெர்மாகோல் வந்தது. ஒருவர் குட்டியானை வண்டியில் தென்னைமட்டைக்கு அடியில் மெத்தையை ஒளித்துக் கொண்டுவந்தார்.

“மெத்தை எந்தத் தோட்டத்துலங்க காய்ச்சது?”

“இலவம்பஞ்சு மேடம். மரத்துல காய்ச்சதுதான்.”

தாவரவியல்படி அவர் சொன்னதில் தப்பில்லை. திருப்பி அனுப்ப அரைமணி நேரம் ஆனது.

இரண்டாவது மாதம், முருங்கைக் கட்டுக்குள் யாரோ மறந்துவிட்ட அரிவாள் மெஷினுக்குள் போய் பிளேடு உடைந்தது. புது பிளேடின் விலை என் மூன்று மாதச் சம்பளம். நகராட்சி ஆணையர் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னொரு பிளேடு போச்சுன்னா கிடங்கைப் பூட்டிடுவேம்மா. வேற எடத்துல வேலை கேட்டு வராதே.”

பூட்டினால் என் வேலையோடு மெஷின் ஓட்டும் செல்வராசு அண்ணன் வேலையும் போகும்.

பிள்ளையாரை அழைத்தது

நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் சுவர் மேலாகக் கண்டதும் வந்து விழும். சாமி படம் மாட்டினால் அந்த இடத்தை அசிங்கம் பண்ண மாட்டார்கள் என்று, சுவரோர வேப்பமரத்தில் பிள்ளையார் படம் ஒன்றை மாட்டினேன்.

மெத்தை நின்றது. சாமி படங்கள் வர ஆரம்பித்தன. வீட்டுப் பழைய படத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. மரத்தடியில் ஏற்கெனவே ஒரு சாமி இருந்தால் துணைக்கு விட்டுவிட்டுப் போவார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரே வாரத்தில் பதினோரு படங்கள், கண்ணாடியோடும் ஆணியோடும். ஓர் அம்மா காய்ந்த சருகுக் குவியலை ஒட்டிச் சூடம் கொளுத்திவிட்டு, “பூசை எத்தன மணிக்கும்மா?” என்று என்னையே கேட்டார். நான் தண்ணீர் வாளியைத் தேடி ஓடினேன்.

மறுநாள் மெஷினுக்குள் ‘டங்’ என்றது. செல்வராசு அண்ணன் சட்டென்று நிறுத்தினார். தழையோடு ஒரு குத்துவிளக்கின் அடிப்பாகம்.

“பிள்ளையார்தாம்மா பிளேடைக் காப்பாத்துனாரு.”

“அவரைக் கூட்டியாந்ததாலதாண்ணே வெளக்கே வந்துச்சு.”

படங்களைத் தொட வேறு யாரும் முன்வரவில்லை. நானே எடுத்து ஆபீஸ் சுவரில் வரிசையாக மாட்டினேன். அன்றிலிருந்து ஆய்வாளர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

ஆடுகள் வந்த கதை

அதே வாரம் சுவர் இடுக்கு வழியாக ஆடுகள் புகுந்தன. விரட்டிக்கொண்டு போனால், அவற்றின் சொந்தக்காரர் சின்னப்பொண்ணு அக்கா எதிரே நின்றார்.

“தின்னா ஒனக்குத் தழை கொறையத்தானே போவுது? எதுக்கு வெரட்டுற?”

“உள்ள கண்ணாடி, ஆணியெல்லாம் கெடக்குக்கா. தின்னா செத்துரும்.”

“எவன் போட்டது?”

“தெரிஞ்சா நான் ஏங்கா இப்படி ஓடுறேன்?”

“எனக்குத் தெரியும். நாளைலேருந்து வாசல்ல ஒக்காந்துக்கறேன்.”

ஆணையரிடம் கேட்டேன், ஆறு வாரம் நடத்திப் பார்க்க அனுமதி தந்தார். எந்தச் சுமையானாலும் வாசலிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். ஆட்டுக்கு ஆகிற தழையை ஆடு வளர்ப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் மெஷினுக்கு. அக்காவோடு ஆறு பேர் முறை வைத்து வந்தார்கள். சாப்பாட்டு நேரத்திலும் வாசலில் ஆள் இருந்தது.

என் அபராத ரசீதுக்குப் பயப்படாதவர்கள் இவர்களுக்குப் பயந்தார்கள். மெத்தைக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை மாவிலைக்கு அடியில் தெர்மாகோல்.

“நீ மளிகைக்கடைக்காரரு மருமவன்தானே?” என்றார் அக்கா. “இதத் தின்னு என் ஆடு செத்துச்சுன்னா ஒன் மாமனாரு வூட்டு வாசல்லதான் கொண்டாந்து போடுவேன்.”

அவர் இறங்காமலே வண்டியைத் திருப்பினார்.

ஆறு வாரம் கழித்து, கிடங்கை வைத்துக்கொள்வதா பூட்டுவதா என்று முடிவு செய்ய ஆணையர் வந்தார். ஜீப்பின் பின்னால் அவர் வீட்டுச் செம்பருத்திக் கிளைகளும் வந்தன. அக்கா கட்டைப் பிரித்தார். உள்ளே உடைந்த பூந்தொட்டி.

நான் ஓடிப்போய் அக்கா காதோரம் குனிந்தேன். “அக்கா, அது மேடம் வூட்டுதுக்கா.”

“மேடம் வூட்டுத் தொட்டின்னா ஆடு திங்குமா?”

ஆணையர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தானே தொட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். உள்ளே வந்து பதிவேட்டைப் புரட்டினார். வாரம் ஆறு நாள் ஓடிய மெஷின் இப்போது மூன்று நாள்தான் ஓடுகிறது. டீசல் பாதியாகிவிட்டது. பிளேடு அப்படியே இருக்கிறது.

“கிடங்கு நடக்கட்டும்,” என்றார். செல்வராசு அண்ணன் மெஷினைத் துடைக்கிற சாக்கில் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். சம்பளத்துக்கு வைத்த காவலாள் வண்டியைப் பார்ப்பார். வருகிற தழை சுத்தமாக இருந்தால்தான் தன் ஆடு பிழைக்கும் என்கிறவர் வண்டிக்குள் பார்ப்பார்.

பக்கத்துப் பேரூராட்சியிலும் இப்படி ஒரு கிடங்கு அமைத்துத் தருகிறேன் என்று நானே மனு எழுதிக் கொடுத்தேன். அனுமதி கிடைத்து, போன திங்கட்கிழமை இடம் பார்க்கப் போனோம். மெஷினை எங்கே நிறுத்தலாம் என்று பொறியாளர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நான் தெருவுக்குள் போய், யார் வீட்டில் ஆடு இருக்கிறது என்று விசாரித்து, ஒன்பது பேர் பெயரை எழுதிக்கொண்டு வந்தேன்.